மெய்ப்பாட்டை மறந்த பள்ளிகள்

தமிழகத்துப் பள்ளியில் பத்தாண்டுகள் தமிழ் பயின்ற மாணவன் ஒருவனை அழைத்து, ‘நீ கண்ட மழையைப் பற்றிப் பத்து வரி எழுதுக’ என்று சொல்லிப் பாருங்கள். ‘மழை பெய்தது. எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. மழை உயிர்களுக்கு இன்றியமையாதது. மழைநீரைச் சேமிப்போம், வளம் பெறுவோம்’ என்ற அளவில் அவன் தூவல் நின்றுவிடும். அவன் மழையைக் காணாதவன் அல்லன். மழையில் நனைந்திருக்கிறான், ஒழுகும் கூரையின்கீழ்க் கலம் எடுத்து வைத்திருக்கிறான், தெருநீரில் தாள்தோணி விட்டிருக்கிறான். ஆயினும் அவன் கண்ட மழையின் ஒரு துளிகூட அவன் எழுதிய தாளில் விழவில்லை. கரணியம் என்ன?

கண்டதைக் கண்டபடி எழுதும் பயிற்சியை நாம் அவனுக்குத் தரவில்லை என்பதே அதன் கரணியம். கண்டதை விடுத்து, காணாத பொன்மொழிகளை எழுதவே அவனைப் பழக்கியிருக்கிறோம். உலகிலேயே முதன்முதலாக, உள்ளத்து உணர்வு உடலின்வழி வெளிப்படும் வகையை இலக்கணமாக வகுத்த மொழிகளுள் ஒன்றன் பிள்ளைகள் இந்நிலையில் நிற்பது நாணத்தக்கது. இதனைத் தமிழன்பர்கள் சற்றே ஆழ்ந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் நடப்பது

இங்கிலாந்து நாட்டில் பத்து, பதினோர் அகவைக் குழந்தைகளுக்கு ‘இலெவன் பிளசு’ என்னும் பள்ளி நுழைவுத்தேர்வு ஒன்று உண்டு. 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்பின் நாடெங்கும் வேரூன்றிய அத்தேர்வு, 1965-க்குப் பின்னர்ப் பெரும்பாலான வட்டாரங்களில் கைவிடப்பட்டது. எனினும் ‘கிராமர்’ பள்ளிகள் எனப்படும் தேர்ந்தெடுப்புப் பள்ளிகள் 163 அந்நாட்டில் எஞ்சி நிற்கின்றன. அத்தகைய பள்ளிகளைப் புதிதாகத் தொடங்க 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தரவில்லை. இருக்கைகள் சிலவே, விழைவோர் பலர். கட்டணம் பெறும் தனியார் பள்ளிகளும் தமக்கெனத் தனித்தேர்வுகள் நடத்துகின்றன. ஆகவே, எங்கும் பயிற்சி வணிகம் கொழுக்கிறது.

இத்தேர்வுகள் பலவற்றில் படைப்பெழுத்தும் ஒரு பகுதி. ஒரு படத்தையோ, ஒரு தொடக்க வரியையோ கொடுத்து, அரைமணி நேரத்திற்குள் ஒரு கதைக்கூற்றை எழுதச் சொல்வார்கள். அதற்குப் பயிற்றுவோர் குழந்தைகளுக்கு முதன்முதலாக ஓதும் மந்திரம் ‘சொல்லாதே, காட்டு’ என்பது. ‘அவன் அஞ்சினான்’ என்று எழுதாதே. அவன் கை தாழ்ப்பாளைத் தேடித் தடுமாறியதை எழுது. ‘அவள் ஏழை’ என்று எழுதாதே. அவள் செருப்பின் அறுந்த வார் ஊக்கினால் கோக்கப்பட்டிருந்ததை எழுது. படிப்போன் தானே உணர்ந்துகொள்ளட்டும் என்பது இதன் கருத்து.

நெறி நல்ல நெறியே. உருசிய எழுத்தாளர் செக்காவு 1886-இல் தம் தமையனுக்கு எழுதிய மடலில், நிலவொளி பரவிய இரவை நேரே புகழ்வதைவிட உடைந்த புட்டிலின் சில்லொன்று மின்னுவதைச் சொல்வதே மேல் என்னும் கருத்தை அறிவுறுத்தினார். 1921-இல் புனைகதைத் திறன்பற்றி நூல் எழுதிய ஆங்கிலேயர் பெர்சி இலப்பக்கு, கூறலினும் காட்டலே கதைக்கு உயிர் என்று வற்புறுத்தினார். அங்கிருந்து இறங்கி இறங்கி, இன்று அது பத்து அகவைக் குழந்தையின் பயிற்சித் தாளில் வந்து நிற்கிறது.

1983-க்குப் பின் ஈழத்தினின்று புலம்பெயர்ந்து இலண்டன் மாநகரில் வேர்கொண்ட நம் உறவுகள் பலரும் தம் மக்களை இத்தேர்வுக்கு அணியப்படுத்துகின்றனர். அங்ஙனம் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர், ‘ஐயா, ஆங்கிலத்தில் இத்துணை அருமையான முறை இருக்கிறதே, நம் தமிழில் இப்படி ஒன்று உண்டா?’ என்று எனக்கு எழுதிக் கேட்டிருந்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. பள்ளியில் அவருக்கு நாம் கொடுத்தது முன்னுரையும் முடிவுரையும்தாமே!

ஆனால் அந்நாட்டு முறையிலும் ஒரு குறை உண்டு. தேர்வும் வணிகமும் சேர்ந்து எந்த நெறியையும் வாய்பாடு ஆக்கிவிடும். ஐம்புலனுக்கும் ஒவ்வொரு வரி என்று கணக்கிட்டுக் கற்பிக்கிறார்கள். அச்சமென்றால் நெஞ்சம் பறையாய் அதிர வேண்டும். சினமென்றால் கைமுட்டி வெளிற வேண்டும். துயரமென்றால் கன்னத்தில் ஒரே ஒரு துளி உருள வேண்டும். நூறு குழந்தைகள் எழுதினால் நூறு நெஞ்சங்களும் ஒரே தாளத்தில் அதிர்கின்றன. ‘காட்டு’ என்று தொடங்கியது, மனப்பாடம் செய்த அறிகுறிகளின் பட்டியலாய் முடிகிறது. கெண்டு மாவட்டத் தேர்விலோ, 40 மணித்துளி எழுத்துப்பகுதி ஒன்றை வைத்து, அதற்கு மதிப்பெண்ணே இடாமல், எல்லைக்கோட்டில் நிற்கும் குழந்தையைப் பற்றித் தலைமையாசிரியர் குழு முடிவெடுக்கும்போது மட்டும் எடுத்துப் பார்க்கும் வழக்கத்தை நெடுங்காலம் வைத்திருந்தனர். எழுதிய குழந்தைகளுள் பெரும்பாலோர் எழுத்தை ஒருவரும் படித்திருக்க மாட்டார். 

தொல்காப்பியர் வகுத்தது

‘தமிழில் உண்டா?’ என்ற வினாவுக்கு வருவோம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். மெய்யின்கண் படுவது மெய்ப்பாடு. உள்ளத்தில் நிகழ்வது உடம்பின்வழிப் பிறர்க்குப் புலனாதல் என்பது அதன் பொருள். அச்சம், வெகுளி, நகை, உவகை, அழுகை, மருட்கை, பெருமிதம், இளிவரல் என எட்டாக அவற்றைப் பகுத்த ஆசிரியர் அதனோடு நிறுத்தினாரல்லர். ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நந்நான்கு எனக் காட்டி, முப்பத்திரண்டாக விரித்தார்.

அன்பர்கள் இவ்விடத்தில் ஊன்றி நோக்குதல் வேண்டும். மேலைநாட்டுப் பயிற்சியாளர் குழந்தைக்குக் கற்பிப்பது அறிகுறியை. தொல்காப்பியர் முதலில் கேட்பது நிலைக்களனை. கை நடுங்கியது என்று ஒருவன் எழுதுகிறான். குளிரிலும் நடுங்கும், முதுமையிலும் நடுங்கும், சினத்திலும் நடுங்கும், பெருமகிழ்விலும் நடுங்கும். நடுக்கம் தானாக எதனையும் காட்டாது. விலங்கு எதிர்ப்பட்டதா, கள்வர் சூழ்ந்தனரா, ஆள்வோனின் சீற்றம் பாய்ந்ததா என்னும் களனை நிறுத்திய பின்னரே அந்நடுக்கம் அச்சமாகும். அழுகைக்கும் அவ்வாறே. பொருளையோ உறவையோ இழந்த அழுகை வேறு. பிறர் இகழ்ந்ததால் வந்த அழுகை வேறு. நல்ல நிலையிலிருந்து தாழ்ந்ததால் வந்த அழுகை வேறு. வறுமையில் வந்த அழுகை வேறு. கண்ணீர் ஒன்றே, களன் நான்கு. களனைக் காட்டத் தெரிந்தவனுக்குக் கண்ணீரைக் காட்டும் தேவைகூடப் பல இடங்களில் இல்லை.

செய்யுளியலிலும் மெய்ப்பாட்டைச் செய்யுளின் உறுப்புகளுள் ஒன்றாக ஆசிரியர் வைத்தார். படிப்போன் வருந்தி ஆராயாமலே, சொல்லப்படும் பொருள் கண்முன் வந்து நிற்கச் செய்வது அவ்வுறுப்பு. ஒருவரும் கண்டிராத மேலுலகத்தைப் பாடினாலும் நேரில் கண்டாற்போல் அறியச் செய்தல் வேண்டும் என்பது பேராசிரியர் உரையின் கருத்து. இலண்டன் பயிற்சி நிலையத்தில் பணங்கொடுத்துக் கேட்கும் பாடம் இதனின் வேறா?

இலக்கணம் கிடக்க, இலக்கியத்துக்கு வருவோம். பாரியை இழந்த அவன் மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஐந்தே அடிகள் கொண்டது. முந்திய திங்களின் நிலவொளியில் தந்தையும் இருந்தான், குன்றும் தமதாய் இருந்தது. இந்தத் திங்களின் நிலவொளியில் குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை. செய்தி இவ்வளவே. அழுதோம் என்ற சொல் இல்லை, துயரம் என்ற சொல் இல்லை, கண்ணீரும் இல்லை. இரண்டு நிலவுகளை அருகருகே வைத்ததோடு பாட்டு முடிந்துவிடுகிறது. அழுகை படிப்போனிடத்தில் தொடங்குகிறது. இது களன் காட்டிய பாட்டு.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாட்டொன்று. புதிதாக மணந்த பெண் தன் கையாலேயே தயிரைப் பிசைந்து, அந்தக் கையைத் துடைத்த ஆடையை மாற்றாமலே உடுத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் நிறையப் புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் மகிழ்கிறது. மணமனை சென்று பார்த்து வந்த செவிலி நற்றாய்க்குச் சொல்லும் சொல் இது. செல்வ வீட்டில் பிறந்த மகள் எப்படி வாழ்கிறாளோ என்று ஏங்கிக்கொண்டிருக்கும் தாய்க்கு, ‘நன்றாக இருக்கிறாள்’ என்னும் பொதுச்சொல் ஆறுதல் தராது என்பதைச் செவிலி அறிந்திருந்தாள். 

ஈண்டு மற்றொரு நுட்பமும் உண்டு. இப்பாட்டின் இறுதியடியில் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல் வெளிப்படையாகவே வருகிறது. ‘சொல்லவே சொல்லாதே’ என்னும் பயிற்சி நிலைய விதிப்படி பார்த்தால் கூடலூர் கிழார்க்கு ஒரு மதிப்பெண் குறைந்துவிடும்! ஆனால் அச்சொல் வருமுன் ஆடையும் புகையும் குழம்பும் வந்துவிட்டன. அதன்பின்னும் அம்மகிழ்ச்சி பிறர் எளிதில் அறியாதபடி நுண்ணியதாக அரும்பியது என்று அளந்து சொல்கிறார். கூறுதல் குற்றமன்று. காட்டாமல் கூறுதலே குற்றம். ஈட்டிய பின் செலவிடுவதுபோல், காட்டிய பின் கூறுதல் தமிழ்மரபு.

நம் தேர்வுத்தாளில்

இத்தகு மரபின் உரிமையாளராகிய நாம் பள்ளியில் செய்வதென்ன? முன்பு பொதுத்தேர்வில் தமிழுக்கு இரண்டு தாள்கள் இருந்தன. மேனிலை வகுப்புகளுக்கு 2018-19-ஆம் கல்வியாண்டிலும், பத்தாம் வகுப்புக்கு 2019-20-ஆம் கல்வியாண்டிலும் அவை ஒரே தாளாகச் சுருக்கப்பட்டன. மாணவர் சுமை குறைந்தது என்று மகிழ்ந்தோர் உண்டு. குறைந்தது எது? மாணவன் தன் சொல்லில் எழுதுவதற்கு இருந்த இடமே பெரிதும் குறைந்தது.

எஞ்சியதில் ஒரு நல்ல வினா இருந்தது. ஒரு படத்தைக் கொடுத்து, அக்காட்சியைக் கண்டு கவினுற எழுதச் சொல்லும் ஐந்து மதிப்பெண் வினா அது. வினாவை அமைத்தவர்தம் நோக்கம் போற்றத்தக்கது. நடந்ததோ வேறு. எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி, ‘நான் கண்ட காட்சி அரியது, இனியது, நெஞ்சை அள்ளுவது’ என்னும் போக்கில் ஐந்து வரிகளை முன்பே நெட்டுருச் செய்து வைத்திருக்கிறான் மாணவன். படத்தில் ஏர் பூட்டிய உழவன் இருந்தாலும் அவ்வைந்து வரி. நூலகம் இருந்தாலும் அவ்வைந்து வரி. வெள்ளத்தில் தத்தளிக்கும் மக்கள் இருந்தாலும், அந்தோ, அவ்வைந்து வரியே! காட்சியைக் காணாமலேயே காட்சியை எழுதும் கல்வி உலகில் வேறெங்கேனும் உண்டா? பாரிமகளிர்க்கு ஐந்து அடி போதுமாயிற்று, ஒரு நாட்டின் வீழ்ச்சியைக் காட்ட. நம் பிள்ளைக்கும் ஐந்து வரி கொடுத்தோம். அவன் தன் கண்ணையே திறக்கவில்லை.

அவனை மட்டும் நொந்து பயனில்லை. மதிப்பெண் விழுந்தால் போதுமென்று அவ்வரிகளை அவனுக்குக் கொடுத்தது நாம். கட்டுரை என்றால் உட்தலைப்புகள் எத்தனை, மேற்கோள் எத்தனை, அடிக்கோடு இட்டிருக்கிறானா என்று எண்ணிப் பார்த்து மதிப்பிடும் பழக்கத்தை வளர்த்தது நாம். அதற்கு மேலும் ஓர் இடி உண்டு. 2017 முதல் மருத்துவக் கல்விக்குத் தமிழ்நாட்டு மாணவர் எழுத நேர்ந்த ‘நீட்’ என்னும் நடுவண் நுழைவுத்தேர்வில், மாணவன் ஒரு சொற்றொடர்கூட எழுத வேண்டுவதில்லை; வட்டத்தைக் கருக்கினால் போதும். வினாத்தாள் தமிழில் கிடைக்கிறது என்று பெருமை பேசுவோர், அத்தேர்வில் தமிழில் எழுதப்படுவது ஒன்றுமில்லை என்பதை எண்ணுவதில்லை. நோயாளியின் முகத்தைக் கண்டு நோயறிய வேண்டிய மருத்துவன், ஒரு முகத்தை நான்கு வரியில் எழுதத் தெரியாதவனாய் மருத்துவமனைக்குள் நுழைகிறான்.

ஒரு சாண் ஈரம்

என் வகுப்பு மாணவன் ஒருவன், ‘மழை பெய்தது, எங்கள் வீட்டில் அனைவரும் மிகவும் மகிழ்ந்தனர்’ என்று எழுதிக் கொணர்ந்தான். வானம் பார்த்த புன்செய் நிலத்துக் குடியில் பிறந்தவன் அவன். ‘தம்பி, அவர்கள் மகிழ்ந்ததை நீ எப்படி அறிந்தாய்? யார் என்ன செய்தார்கள்?’ என்று வினவினேன். சற்றுநேரம் விழித்தான். பின்பு மெல்லச் சொன்னான்: ‘ஐயா, அம்மா கொடியில் கிடந்த துணியை எடுக்க மறந்துவிட்டது. மழை விட்டதும் தாத்தா கொல்லைக்குப் போய் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு சாண் இறங்கியிருக்கிறது என்றார். இரவு சோறு உண்ணும்போது, விதைக்கடலையை எந்தப் பானையில் போட்டு வைத்தாய் என்று அம்மாவிடம் கேட்டார்.’

‘மகிழ்ந்தனர் என்பதை அடித்துவிட்டு, இதை எழுது’ என்றேன். எழுதினான். ஒரு சாண் ஈரமே அவ்வுவகையின் களன். விதைக்கடலையைத் தேடிய வினாவே மெய்ப்பாடு. தொல்காப்பியம் படிக்காத அப்பிள்ளையின் வாயில் தொல்காப்பியம் இருந்தது. எழுதி முடித்துவிட்டு அவன் கேட்ட வினாத்தான் என்னை உறுத்துகிறது: ‘ஐயா, தேர்விலும் இப்படி எழுதலாமா? மதிப்பெண் குறையாதா?’

அவ்வினாவுக்கு விடைசொல்லும் கடமை அவன் ஆசிரியன் ஒருவனுக்கு மட்டும் உரியதன்று. வினாத்தாள் அமைப்போரும், விடைக்குறிப்பு வகுப்போரும், ஒரு நாளைக்கு இத்தனை தாள் என்று விரைந்து திருத்துவோரும் அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

சொல் போனால் காட்சியும் போகும்

தூய தமிழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு மிக நெருங்கியது. காட்டுவதற்குப் பொருளின் உரிய பெயர் வேண்டும். தென்னைக்கு ஓலை, கரும்புக்குத் தோகை, நெல்லுக்குத் தாள், வேம்புக்கு இலை, காய்ந்து உதிர்ந்தால் சருகு. மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. வாழையின் பிஞ்சு கச்சல். தென்னையின் பிஞ்சு குரும்பை. மொழிஞாயிறு பாவாணர் தொகுத்துக் காட்டிய இச்சொல்வளம், 2019-இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் முதல் இயலிலேயே இடம்பெற்றது. மாணவன் அதனை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கினான். பின்பு கட்டுரை எழுதும்போது, ‘தென்னை மரத்தின் இலைகள் அழகாக அசைந்தன’ என்று எழுதினான். கற்ற சொல் வேறு, எழுதும் சொல் வேறு என்று நாம் பிரித்து வைத்ததன் விளைவு இது.

உணர்வுச் சொற்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. ஏக்கம், தவிப்பு, நாணம், உளைச்சல், மனத்தாங்கல், கழிவிரக்கம் ஆகிய அத்தனையையும் இன்றைய இளைஞர் ‘பீலிங்’ என்னும் ஒற்றை ஆங்கிலச் சொல்லுக்குள் போட்டு மூடுகின்றனர். பதற்றம், பரபரப்பு, எரிச்சல், கவலை யாவும் ‘டென்சன்’ ஆகிவிட்டன. பிறமொழிச் சொல் ஒன்று நுழையும்போது தமிழ்ச்சொல் ஒன்றுதான் போகிறது என்று எண்ணற்க. ஆறு சொல் போகின்றன. ஆறும் பிரித்துக் காட்டிய ஆறு வேறுபாடுகள் போகின்றன. வேறுபாடு அறியாதவனால் எதனைக் காட்ட இயலும்? 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சியைச் சொல் மாற்றும் வேலை என்று எள்ளுவோர் இதனைக் கருதிப் பார்க்கட்டும். அது கண்ணைத் துலக்கும் வேலையுமாகும்.

செய்ய வேண்டுவன

முதலாவது: பொதுத்தேர்வுத் தமிழ்த்தாளில் மாணவன் முன்பு கண்டிராத ஒரு காட்சியை, நெட்டுருவுக்கு இடந்தராத வகையில் வினவுதல் வேண்டும். படத்தில் உள்ள ஒரு பொருளையேனும் உரிய பெயரிட்டு எழுதாத விடைக்கு முழு மதிப்பெண் தரலாகாது என்று விடைக்குறிப்பிலேயே வரைதல் வேண்டும். 

இரண்டாவது: தமிழாசிரியர்கள் கிழமைக்கு ஒரு பாடவேளையை எழுத்துக்கென ஒதுக்குக. ‘மிகவும்’, ‘அழகான’, ‘மகிழ்ச்சி’ ஆகிய மூன்று சொற்களை அவ்வேளையில் மட்டும் விலக்கிவைத்து எழுதச் சொல்க. ‘எப்படி அறிந்தாய்?’ என்னும் ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்க. இதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. மாணவன் பத்து வரி எழுதினால் பத்து வரியையும் படிக்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

மூன்றாவது: மெய்ப்பாட்டியலைப் புலவர் வகுப்புக்கு மட்டும் உரியதாக்கிப் பூட்டி வைத்தல் ஒழிக. எட்டு மெய்ப்பாடும் அவற்றின் களனும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்காதவை அல்ல. அவன் வீட்டில் நாள்தோறும் நிகழ்பவை அவை.

நான்காவது: அயல்நாடுகளில் தமிழ்ப்பள்ளி நடத்தும் அன்பர்கள், ஆங்கிலத் தேர்வுக்காகப் பிள்ளை கற்கும் அதே திறத்தைத் தமிழ் வகுப்பிலும் எழுதச் செய்க. ஆங்கிலத்தில் தன் பாட்டியின் கையைத் தோல் சுருங்கச் சுருங்கக் காட்டும் குழந்தை, தமிழில் மட்டும் ‘என் பாட்டி மிகவும் நல்லவர்’ என்று எழுதுமானால், தமிழ் அதற்கு உணர்வில்லாத மொழியாய்த் தோன்றிவிடும். அப்படித் தோன்றிய மொழியை அடுத்த தலைமுறை எதற்காகச் சுமக்கும்?

மொழி அழிவது அரசாணையால் மட்டுமன்று. தான் கண்டதைத் தன் மொழியில் சொல்ல வராது என்று ஒரு பிள்ளை நம்பத் தொடங்கும் நாளிலும் அது அழியத் தொடங்குகிறது. அந்த நம்பிக்கை நம் வகுப்பறைகளில் முளைவிடாமல் காப்பது ஆசிரியர் கடன், பெற்றோர் கடன், தமிழால் வாழும் ஒவ்வொருவர் கடனும் ஆகும். நாளை காலை ஒரு பிள்ளையை அழைத்து, நேற்று அவன் கண்டதை எழுதச் சொல்வோம். எழுதியதை அமர்ந்து படிப்போம். தமிழ் வெல்க!